உறுத்தல் இல்லை

அன்று காலை பதினொரு மணிக்குள் நீலவேணி மூன்று பேராக இருந்துவிட்டு வந்திருந்தாள். பேரனுக்கு முதன்முதலாகத் தலைப்பாகை கட்டிவிடுகிற சர்தார்ஜி ஒருவர். தசைன் பண்டிகைக்கு ஊர்போக விடுப்புக் கிடைக்காத நேபாளக் காவலாளி. பேரீச்சம்பழத்தை விரல்களில் பிடித்தபடி பாங்கு சத்தத்துக்காகக் காத்திருக்கிற தையல்காரப் பெண். ஒவ்வொருவராகவும் பத்து நிமிடம். பட்டையைக் கழற்றியதும் சொந்த உடம்புக்குத் திரும்ப ஒரு வாய் தண்ணீர் போதும். அவளுக்கு இது பழகிவிட்டது.

உணர்பட்டை பார்ப்பதற்குத் தலைமுடியை ஒதுக்கக் கட்டும் நாடா போலத்தான் இருக்கும். ஒருவர் அதை அணிந்துகொண்டு தன் வேலையைப் பார்த்தால், நெஞ்சு இறுகுவது, தொண்டை அடைப்பது, தோல் சிலிர்ப்பது எல்லாம் அப்படியே பதிவாகும். இன்னொருவர் அணிந்தால் அத்தனையும் அவர் உடம்பில் நடக்கும். காட்சி எதுவும் தெரியாது. சத்தம் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல மங்கலாகக் கேட்கும். நடப்பது தன் உணர்வு அல்ல என்று கண்டுபிடிக்க உடம்புக்கு வழியே கிடையாது.

கடல் ஏறிய பிறகு அரசு கட்டிய கரைநகர்கள் மொத்தம் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் எல்லா மாதிரி மனிதர்களையும் வேண்டுமென்றே கலந்து குடிவைத்தார்கள். கலந்து வைத்ததும் சண்டை வந்தது. அதனால் ஆண்டுக்கொரு பன்மை விழா கட்டாயமாயிற்று. ஆரம்பத்தில் அந்த விழாக்களில் ஆட்டமும் பாட்டும் பலகாரமும் இருந்தன. எல்லாருடைய பலகாரத்தையும் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் பழையபடி அடித்துக்கொண்டார்கள். உணர்பட்டை வந்தபின் பலகாரம் போதும் என்று விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு சமூகமும் தன் வாழ்விலிருந்து ஒரு பத்து நிமிடத்தைப் பதிவு செய்து தர வேண்டும். விழா அன்று மற்றவர்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அதை அணிய வேண்டும். ஏழு கூடத்தில் முத்திரை வாங்கினால்தான் மதியச் சாப்பாட்டுச் சீட்டு.

நீலவேணிக்கு வேலை விழாவுக்கு முன்னால். அவள் சீராக்குநர். வெறுப்பு, ஆத்திரம் போன்ற பெரிய சமாச்சாரங்களை இயந்திரமே வடிகட்டிவிடும். சின்னவற்றைக் கண்டுபிடிக்க மனிதர் வேண்டும். ஒரு பதிவு எந்தெந்தச் சமூகத்தைச் சென்றடையுமோ, அவை ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் அதை முன்கூட்டியே அணிந்து பார்க்க வேண்டும் என்பது விதி. எங்காவது உறுத்தினால் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தலாம். அந்த நொடி வெட்டப்படும். பத்து நிமிடமும் உறுத்தாவிட்டால் படிவத்தில் ‘உறுத்தல் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஒன்பதாம் கரைநகரின் ஆயிரத்து இருநூறு குடும்பங்களில் நாற்பத்தொன்று சின்னமேட்டுக் குப்பத்து மீனவர்கள். அவர்களில் பட்டப்படிப்பு முடித்தவள் நீலவேணி ஒருத்திதான். ஆகவே அந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் சேர்த்து அவளே அறுபத்து மூன்று பதிவுகளையும் அணிந்து பார்த்தாள். வேலையில் அவள் கெட்டிக்காரி. கல்யாண ஊர்வலப் பதிவு ஒன்றில், சந்தோஷத்துக்கு நடுவே வேலையாளைப் பார்த்து உதடு கோணுகிற அரை நொடியைப் பிடித்தாள். அப்படிப் பதினான்கு இடங்களைப் பிடித்தாள். விழா ஒருங்கிணைப்பாளர் ரெஜிஸ், தான் பார்த்த சீராக்குநர்களிலேயே அவளுக்குத்தான் மெல்லிய தோல் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு இந்த விழாவில் சொந்தக் காரியம் ஒன்றும் இருந்தது. ஒரு கதவு.

கரைநகரின் கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல். பூங்காப் பாதையில் நேராக நடந்து, சுவரில் ஒரு கதவைத் திறந்தால் கரை ஐந்து நிமிடம். கதவு இல்லை. குப்பத்துப் பெண்கள் மேற்கு வாசல் வழியாக வெளியேறி, நெடுஞ்சாலையைச் சுற்றி, ஆறு கிலோமீட்டர் நடந்து கரைக்குப் போனார்கள். கூடையோடு ஏறினால் பேருந்திலிருந்து இறக்கிவிடுவார்கள். அவர்கள் போய்ச் சேரும்போது ஏலம் முடிந்து, நல்ல மீனெல்லாம் குளிர்வண்டிக்காரர்கள் கைக்குப் போயிருக்கும். இரண்டு வருடத்தில் பதினோரு பெண்கள் தொழிலை விட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் மீதிப் பேரும் விட்டுவிடுவார்கள். கதவு வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் இரண்டு முறை கேட்டார்கள். பூங்காப் பாதை எல்லார் பால்கனிக்கும் கீழே போகிறது, பாதுகாப்பு இல்லை, சுகாதாரம் இல்லை என்று இரண்டு முறையும் வாக்கெடுப்பில் தோற்றது.

குப்பத்தின் பதிவாக எதைக் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது ரெஜிஸ் படகுப் பாட்டு கேட்டார். ஊர்த் தலைவரான நாட்டார் ஏகாம்பரம் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் நாளைச் சொன்னார். நீலவேணி வழக்கமாகக் கூட்டத்தில் வாய் திறக்காதவள். அன்று திறந்தாள். அம்மா காசியம்மாள் கரைக்குப் போகிற ஒரு சாதாரணக் காலையைக் கொடுக்கலாம் என்றாள். ஆறு கிலோமீட்டர் நடந்து, முடிந்துபோன ஏலத்தின் முன்னால் வெறுங்கூடையோடு நிற்கிற பத்து நிமிடம். அதை உடம்பால் தெரிந்துகொண்டவர்கள் கதவு வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

காசியம்மாள் பட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டு வந்தாள். கொடுக்கும்போது, “இத்தப் போயி காசு குட்த்து மாட்டிக்குவாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

விழா நன்றாகத்தான் நடந்தது. முப்பத்தொன்றாம் கூடத்தில் குப்பத்துப் பதிவை அணிந்துவிட்டு வந்தவர்கள் கழுத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்கள். வங்கி மேலாளர் ஒருவர் சுவர் ஓரமாகப் போய் மூக்கைச் சிந்தினார். ஏழாவது மாடி சுலோசனா டீச்சர் வெளியே வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர், எழுபது வயது. காசியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “இத்தனை நாள் தெரியலையேம்மா. என் ஜன்னலுக்குக் கீழதானே இருக்கு அந்தப் பாதை” என்றார். நடிப்பு இல்லை. பிடித்த கையை அவர் விடவேயில்லை.

குப்பத்துப் பெண்களும் ஏழு முத்திரை வாங்கினார்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்தது டீச்சரின் நான்காம் கூடம். விடியற்காலையில் தம்புராவை மீட்டிக்கொண்டு சாதகம் செய்கிற பத்து நிமிடம் அது. பிறந்ததிலிருந்து அந்த மாதிரி நிம்மதியை உடம்பு கண்டதில்லை என்றார்கள். பலர் திரும்ப வரிசையில் நின்றார்கள். முத்திரை போடுகிறவன் ஒரே கூடத்துக்கு இரண்டு முத்திரை கிடையாது என்று சொல்ல, முத்திரை யாருக்கு வேண்டும், பட்டையைக் கொடு என்றாளாம் ஒருத்தி. காசியம்மாள் மூன்று முறை உட்கார்ந்தாள்.

ஒரு வாரத்துக்குள் சங்கம் கூடியது. டீச்சர்தான் எழுந்து பேசினார். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. ஆயிரத்து நூற்று இருபத்தாறு வாக்குகள் கதவுக்கு ஆதரவாக விழுந்தன. கதவுக்குப் பூட்டே போடக்கூடாது என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார், அதுவும் நிறைவேறியது. பிறகு செயலாளர், வழி அவர்களுடைய வழி, நாம் யார் கொடுப்பதற்கு, இறுதி முடிவைக் குப்பமே எடுக்கட்டும் என்றார். கைதட்டினார்கள். நீலவேணி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பட்டப்படிப்பு, பயிற்சி, தலைவலி எல்லாம் இந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து போய் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. கூச்சத்தில் சொல்லவில்லை.

கரை சம்பந்தப்பட்ட விஷயத்தில் வீட்டுக்கு ஒரு வாக்கு, அதையும் கூடை தூக்குகிறவளே போட வேண்டும் என்பது சின்னமேட்டுக் குப்பத்து வழக்கம். தொழிலை விட்டவளானாலும் கூடை தூக்கியவள் தூக்கியவள்தான். வாய் குறுகிய மண்பானை ஒன்றை வைப்பார்கள். சரி என்றால் கிளிஞ்சல், வேண்டாம் என்றால் கல். கையை மூடிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். யார் என்ன போட்டார்கள் என்று கேட்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சமூகக்கூடத்தில் பானை வைத்தார்கள். சங்கத்துக்காரர்கள் மாலையும் லட்டும் கொண்டுவந்து வெளியே காத்திருந்தார்கள். சுவரை இடிக்க ஆள்கூட வந்துவிட்டது. ஏகாம்பரம் பானையைக் கவிழ்த்து எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணினார். அப்புறம் பக்கத்தில் இருந்தவரை எண்ணச் சொன்னார்.

கிளிஞ்சல் பதின்மூன்று. கல் இருபத்தெட்டு.

ஏகாம்பரம் பெண்கள் பக்கம் பார்த்து, விளையாட்டுக்குப் போட்டீர்களா என்று கேட்டார். ஒருத்தி முழங்கால் வலி என்றாள். இன்னொருத்தி, எப்படியும் மகன் குளிர்வண்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்றாள். ஒருத்தி பூங்காவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், பாவம் என்றாள். வெளியே இருந்த டீச்சர் விஷயம் கேள்விப்பட்டு உள்ளே வந்து, யாராவது உங்களைப் பயமுறுத்தினார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு அவரிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றார்கள். லட்டை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் செயலாளர் எல்லாருக்கும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நீலவேணி வழக்கத்தை மீறினாள். என்ன போட்டாய் என்று கேட்டாள்.

“கல்லு” என்றாள் காசியம்மாள்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு பாத்திரத்தை நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

“ஏம்மா?”

“அவுங்க வூட்டாண்ட கூடைய தூக்கிக்கினு எப்டிம்மா போறது?”

“அவங்கதானே வாங்கன்னு கூப்புடுறாங்க. டீச்சரே சொன்னாங்க.”

“சொல்வாங்க. நல்லவங்க அவுங்க.” காசியம்மாள் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த கையைத் தூரமாகப் பிடித்துக்கொண்டாள். “விளா அன்னிக்கி சாயங்காலம் கூடைய எடுத்தேன் பாப்பா. கொமட்டிக்கினு வந்துச்சி. முப்பத்திரண்டு வருசமா தலைல வச்சிக்கினு கீறேன், ஒரு நாளு மூக்கு சுளிச்சதில்ல. என் சேலை, என் தலவாணி, எல்லாத்திலயும் அந்த நாத்தம். எனுக்கே ஒட்டாம போச்சி. எல்லாத்தையும் சோடா போட்டு தொவச்சேன். போவல. பக்கத்து வூட்டு நாகம்மாளும் தொவைக்கிறா, மாடில பாரு. கேட்டா காய்ச்சல்னு சொல்றா.”

நீலவேணி சன்னல் வழியாகப் பார்த்தாள். குப்பத்து வீடுகளின் மொட்டைமாடி முழுக்கச் சேலை காய்ந்தது.

“நம்மளே தாங்க முடியலியே” என்றாள் அம்மா. “அவுங்க இத்தினி வருசமா தாங்கிக்கினு இருந்துக்கீறாங்க. இன்னும் கிட்ட எட்துக்கினு போவணுமா?”

மறுநாள் நீலவேணி அம்மா உட்கார்ந்த ஏழு கூடங்களின் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்தாள். எங்கோ ஒரு பதிவில் அருவருப்பு ஒளிந்திருக்கிறது. இயந்திரம் வடிகட்டும் அளவுக்குப் பெரியதாக இருந்திருக்காது. தான் எப்படியோ தவறவிட்டிருக்கிறோம். பிடித்து வெட்டிவிட்டால் குறைந்தபட்சம் மற்ற ஊர்களுக்குப் போகாது. ஒவ்வொன்றாக அணிந்தாள். எதுவும் உறுத்தவில்லை.

டீச்சருடைய பதிவை இரண்டாம் முறை அணிந்தபோது நான்காவது நிமிடத்தில் ஒரு சத்தத்தைக் கவனித்தாள். தாழ்ப்பாள் தூக்கும் சத்தம். தம்புரா நிற்கவில்லை. காற்று. பத்துப் பதினைந்து நொடிகள் கழித்துச் சன்னல் சாத்தப்படுகிறது. மறுபடி தாழ்ப்பாள்.

கீழே பூங்காவுக்கு அடுத்தாற்போல் குப்பத்து வீடுகள். விடியற்காலையில் அங்கே கருவாடு உலர்த்துவார்கள். டீச்சர் காற்றுக்காகச் சன்னலைத் திறந்திருக்கிறார், வாடை வந்திருக்கிறது, சாத்தியிருக்கிறார். முகம் சுளித்திருக்கக்கூட மாட்டார். மூக்குக்கு உள்ளே, தொண்டைக்குக் கொஞ்சம் மேலே ஏதோ ஒன்று லேசாகச் சுருங்கியிருக்கும். சாத்தியபின் வந்ததே அந்த நிம்மதி, அதுதான் எல்லாருக்கும் பிடித்தது. இருபத்தெட்டு பெண்கள் ஒன்றுக்கு இரண்டு முறை உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். அது எதைப் பார்த்துச் சுருங்கியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் கூடையை எடுத்ததும் உடம்பே சொல்லிவிட்டது.

இடம் தெரிந்துவிட்டது. இனி பொத்தானை அழுத்த வேண்டியதுதான். நீலவேணி மூன்றாம் முறை அணிந்தாள். தாழ்ப்பாள் தூக்கும் சத்தம் கேட்டது. காத்திருந்தாள். காற்று வந்தது. சாத்தும் சத்தம் வந்தது. நிம்மதி வந்தது. அதற்கு நடுவில் எதுவும் இல்லை. அவளுக்கு அந்நியமாக ஒன்றும் நடக்கவில்லை. இருந்தாலும் சன்னல் திறந்த நொடியில் பொத்தானை அழுத்தினாள்.

வெட்டுக்கு முன்னால் இயந்திரம் சீராக்குநரின் உடம்பைச் சரிபார்க்கும். யாரும் தங்களுக்குப் பிடிக்காத பதிவை வேண்டுமென்றே வெட்டிவிடக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. திரையில் எழுத்து வந்தது: ‘உங்கள் உடலில் சான்று இல்லை.’

ஆறு முறை அழுத்தினாள். ஆறு முறையும் அதே எழுத்து.

கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் மாதம் வாடை அடிக்கிறது என்று அவளுடைய பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து ஊரிலிருந்து எடுத்துவரும் எதையும் இரண்டு உறை போட்டுக் கட்டினாள். பேருந்தில் சன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஊருக்குப் போனால் அம்மா கட்டிப்பிடிக்க வரும்போது அவளுக்குள் லேசாக ஏதோ சுருங்கும். மூக்குக்கு உள்ளே, தொண்டைக்குக் கொஞ்சம் மேலே. அதை அவள் களைப்பு என்று நினைத்திருந்தாள். எட்டு வருடமாக அது அங்கேயே இருந்தது. டீச்சரின் சுருக்கம் வந்து அதன்மேல் வரி மாறாமல் பொருந்தியிருக்கிறது. அதனால்தான் விழாவுக்கு முன்பும் அவள் நிம்மதியாகக் கையெழுத்திட்டாள்.

அவள் ரெஜிஸிடம் போனாள். அவர் உற்சாகமாக இருந்தார். ஒத்திசைவு அளவைத் திரையில் காட்டினார். ஒரு சமூகத்தின் உணர்வும் ஊரின் உணர்வும் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்கிற கணக்கு அது. எல்லாச் சமூகமும் ஐந்து புள்ளி, பத்துப் புள்ளி ஏறியிருந்தது. சின்னமேட்டுக் குப்பம் மட்டும் முப்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றொன்றுக்குப் போயிருந்தது.

“பன்னெண்டு கரைநகர்லயும் உங்காளுங்கதான் முதல் இடம், நீலா. இவ்ளோ வேகமா யாரும் கலந்ததே இல்ல.”

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. முகம் வாடிவிட்டது. சான்று இல்லாமல் வெட்ட அவருக்கும் அதிகாரம் இல்லை என்றார். வேறு யாராவது அணிந்து அழுத்தினால் போதும், இரண்டு நிமிட வேலை என்றார். டீச்சருக்கு உறுத்தாது, அது அவருடையது. மற்ற சமூகங்களின் சீராக்குநர்கள் எல்லாரும் ஏற்கெனவே அதை அணிந்து ‘உறுத்தல் இல்லை’ என்று எழுதியவர்கள். அம்மாவை உட்கார வைத்தார்கள். காசியம்மாள் கண்ணை மூடிப் பத்து நிமிடமும் இருந்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். நாகம்மாளுக்கும் உறுத்தவில்லை. கிளிஞ்சல் போட்டிருப்பார்கள் என்று தோன்றியவர்களை எல்லாம் கூப்பிட்டார்கள். அவர்களில் நான்கு பேர் இதற்குள் சேலைகளைத் துவைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் உடம்பிலும் சான்று இல்லை. அதை உறுத்தலாக உணர, அது ஏற்கெனவே உள்ளே போகாத ஒருவர் வேண்டும். நாற்பத்தொரு வீட்டில் அப்படி ஒருவரும் மிச்சமில்லை.

டீச்சரின் பதிவுக்கு அந்த ஆண்டின் சிறந்த பதிவு என்ற பட்டம் கிடைத்திருந்தது. பத்தாம் கரைநகருக்கு அது செவ்வாய்க்கிழமை போகிறது. அங்கேயும் ஒரு குப்பம் உண்டு, அறுபது வீடு.

நீலவேணிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தக் குப்பத்துக்கும் ஒரு சீராக்குநர் இருப்பாரே. அவர் அணிந்து பார்க்காமல் பதிவு யாரிடமும் போகாதே. ஒரே ஒரு ஆளுக்கு உறுத்தினால் போதுமே. உடனே அது யார் என்று கேட்டாள்.

ரெஜிஸ் பட்டியலைத் தேடினார். அவருக்கும் முகம் தெளிந்தது. “இருக்காங்க. சின்னப் பொண்ணுதான். கெமிஸ்ட்ரி, கோல்டு மெடல். அந்தக் குப்பத்துலயே படிச்சு வந்த முதல் ஆளாம்.”

“எங்க தங்கிப் படிச்சாங்க?” என்று கேட்டாள் நீலவேணி.

“ஹாஸ்டல்ல. அஞ்சு வருசம்” என்றார் ரெஜிஸ். “ஏம்மா?”